புல்தரையில் பாசி: வாரி எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது, வழி சொல்லுங்கள்

நானுஓயாக்காரன் | 2024 ஜனவரி 27

எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியாவுக்குப் பக்கத்தில், நானுஓயாவுக்கு மேலே ஒரு பழைய பங்களாவைப் பராமரிக்கிறேன். அப்பா முப்பது வருஷம் இங்கேதான் தோட்ட வேலை பார்த்தார். அவர் கையிலிருந்து என் கைக்கு வந்த இடம் இது. முன்பக்கப் புல்தரை மட்டும் 55 பேர்ச் (கிட்டத்தட்ட 1,400 சதுர மீட்டர்). அப்பா இருந்தவரைக்கும் அதில் செருப்பில்லாமல் நடந்தால் மெத்தை மாதிரி இருக்கும்.

இப்போது பாதிக்கு மேல் பாசி. நாலு வருஷமாகப் போராடுகிறேன். ஒவ்வொரு பெப்ரவரியும் மூன்று பேரைப் போட்டு, நாலு நாள் இரும்பு வாரியால் வாரி, நாற்பது சாக்குக்குக் குறையாமல் எடுத்துக் கொட்டுகிறோம். ஏப்ரல் சுற்றுலா சீசனுக்குத் தரை கொஞ்சம் பச்சையாகத் தெரியும். மே மாதம் மழை பிடித்ததும் ஓட்டை விழுந்த இடமெல்லாம் மறுபடி பாசி. ஆகஸ்டில் பார்த்தால் வாரினதற்கு அடையாளமே இருக்காது.

செய்து பார்த்தவை: இரண்டு மூட்டை சுண்ணாம்பு போட்டேன். ஒரு மூலையில் கொதிநீர் ஊற்றினேன். இன்னொரு மூலையில் யாரோ சொன்னதைக் கேட்டு உப்புப் போட்டேன். உப்புப் போட்ட இடத்தில் புல் செத்தது, பாசிதான் முதலில் திரும்பி வந்தது.

போன ஏப்ரலில் தங்க வந்திருந்த ஒரு வயதான அம்மா பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். அந்த அம்மா வலியிலும் "பரவாயில்லை தம்பி" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்த வருஷமும் சரிவரவில்லை என்றால் சிமெந்துக் கல் பதித்துவிடலாம் என்று முதலாளி சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்பா வளர்த்த தரையில் சிமெந்து போட எனக்கு மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் தம்பி | 2024 ஜனவரி 27

அண்ணே, தேயிலைக்கு அடிக்கிற புல்லு மருந்தை லேசா அடிச்சுப் பாத்தீங்களா? எங்க பக்கத்து கிரவுண்டுல அடிச்சாங்க.

மண்ணும் மழையும் | 2024 ஜனவரி 27

தம்பி, தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். நான் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்தவன். நீங்கள் சொல்வது கிளைபோசேட் என்றால், அதை 2015இல் நாட்டில் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்த கதை தெரிந்திருக்கும். அதையெல்லாம் விடுங்கள். வேலைக்கே அது உதவாது. அந்த மருந்து புல்லை வேரோடு கொல்லும், பாசியை அந்த அளவுக்குத் தொடாது. அடித்தால் இருக்கிற கொஞ்சப் புல்லும் போய், 55 பேர்ச்சும் பாசிக்கே சொந்தமாகிவிடும்.

பழைய கண்டக்டர் | 2024 ஜனவரி 28

தம்பி, உங்க அப்பாவைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டுத்தான் பதில் எழுதுறேன். தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரா இருந்து ஓய்வு எடுத்தவன் நான். மலை, கான் (தண்ணி வடியுற வாய்க்கால்), பங்களாத் தரை எல்லாம் பார்த்திருக்கேன்.

ஒண்ணு முதல்ல மனசுல வாங்கிக்கிங்க. பாசி புல்லைக் கொல்றதில்ல. பாசிக்கு வேரே கிடையாது. மண்ணைப் பிடிச்சுக்க நூல் மாதிரி ஒண்ணு இருக்கும், அவ்வளவுதான். தண்ணியை இலையாலேயே குடிக்கும். புல்லு எங்க செத்து இடம் விடுதோ அங்க வந்து உக்காரும். நீங்க நாலு வருஷமா வந்தவனை விரட்டுறீங்க. இருந்தவன் ஏன் போனான்னு கேக்கல.

மூணு விஷயம் எனக்குச் சொல்லுங்க.

தரைக்கு மேல்பக்கம் என்ன இருக்கு? தேயிலை மலையா, ரோட்டா, மண்திட்டா? அங்கேருந்து வர்ற மழைத்தண்ணி எங்க போகுது?

காலை வெயில் எத்தனை மணிக்குத் தரையில விழுது? சாயங்கால வெயில் வேண்டாம், காலை வெயிலைச் சொல்லுங்க.

புல்லு வெட்டுற மெஷினை எந்த உயரத்துல வைக்கிறீங்க?

அப்புறம் ஒரு சின்ன வேலை. பாசி ஜாஸ்தியா இருக்கிற இடத்துல ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணி ஊத்தி வடிய விடுங்க. வடிஞ்சதும் திரும்ப நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குதுன்னு ஒரு குச்சியை வச்சுப் பாருங்க. ஒரு அங்குலமாவது இறங்கணும்.

பண்டாரவளை அக்கா | 2024 ஜனவரி 28

என் வீட்டுத் தரையிலும் பாசி இருந்தது. ஜூன் மாதம் சுண்ணாம்பு போட்டேன், ஜூலையில் எல்லாம் காய்ந்து பழுப்பாகிப் போய்விட்டது. எனக்குச் சுண்ணாம்பு நன்றாகவே வேலை செய்தது. நீங்கள் அளவு குறைவாகப் போட்டிருப்பீர்கள்.

மண்ணும் மழையும் | 2024 ஜனவரி 28

அக்கா, கோபிக்காமல் கேளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் வறண்ட காலம். சுண்ணாம்பு போடாமல் விட்டிருந்தாலும் அந்தப் பாசி காய்ந்திருக்கும். ஒக்டோபர் மழைக்குப் பிறகு பார்த்தீர்களா? காய்ந்த பாசி சாவதில்லை, சுருண்டு கிடக்கும். ஈரம் பட்டதும் சில மணி நேரத்திலேயே பச்சையாக விரியும்.

நானுஓயாப் பக்கம் அதே ஜூன், ஜூலையில் தென்மேல் பருவமழை. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை. நுவரெலியா நகரில் அதில் பாதிக்கும் குறைவு, ஆனால் மூட்டமும் குளிரும் அதிகம். ஒரே மலைநாடுதான், இருந்தாலும் உங்கள் நாட்காட்டியும் அவர் நாட்காட்டியும் நேரெதிர்.

சுண்ணாம்பு பாசியைக் கொல்லாது. புளிப்பு மண்ணைத் திருத்தி, புல்லுக்கு உதவி செய்யும், அதுவும் மெதுவாகத்தான். பாசியில் பல இனம். புளிப்பு மண்ணிலும் வளரும், சுண்ணாம்புச் சுவரிலும் வளரும்.

பண்டாரவளை அக்கா | 2024 ஜனவரி 28

நீங்கள் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். நவம்பரில் திரும்பவும் வந்ததுதான். நான் அதைப் புதுப் பாசி என்று நினைத்துக்கொண்டேன்.

லண்டன்வாசி | 2024 ஜனவரி 29

ஊர் மஸ்கெலியா, இப்போது இங்கிலாந்தில் தோட்டப் பராமரிப்பு வேலை. இங்கே புல்தரை வைத்திருக்கிறவர்களில் பாசி தொல்லை இல்லாதவர்கள் குறைவு. இரும்பு சல்பேட்தான் முதல் மருந்து. தெளித்த இரண்டு மூன்று நாளில் பாசி கறுத்துவிடும், இரண்டு வாரத்தில் வாரி எடுக்கலாம். புல்லுக்கு இரும்புச் சத்து சேர்வதால் அது கரும்பச்சையாகும். இங்கே இலையுதிர் காலத்தில் செய்வோம். நம் ஊருக்கு எந்த மாதம் பொருந்தும் என்பதை அங்கே இருக்கிறவர்கள்தான் சொல்லவேண்டும்.

உயிரோடு இருக்கும் பாசியை வாரவே வாராதீர்கள். வாரும்போது பிய்ந்து விழும் ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்றுதான். நாலு வருஷமாக நீங்கள் வாரியதில் பாதி, தரை முழுக்க நாற்று நட்ட மாதிரி.

நானுஓயாக்காரன் | 2024 பெப்ரவரி 3

கண்டக்டர் ஐயா, நீங்கள் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

மேல்பக்கம் ஆறடி உயர மண்திட்டு, அதற்கு மேலே தேயிலை மலை. திட்டின் அடியில் நீளத்துக்கு ஒரு பூப்பாத்தி. 2020இல் ஆட்கள் வராமல் பங்களா மூடிக் கிடந்தபோது, சும்மா இருக்க முடியாமல் நானே மண் கொட்டி உயர்த்தி ஹைட்ரேஞ்சியா நட்ட பாத்தி அது. மலைத்தண்ணீர் எங்கே போகிறது என்று நான் இதுவரை பார்த்ததே இல்லை.

கிழக்குப் பக்கம் சைப்ரஸ் வரிசை, கிளைகள் தரையைத் தொடுகின்றன. காலையில் ஏழு மணியிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். பாசி உள்ள பாதிக்கு வெயில் வரும்போது மணி பத்தே முக்கால். இரண்டு மணிக்கு மூட்டம் இறங்கிவிட்டது.

மெஷினில் உயரத்தை மாற்றும் பள்ளங்களில் கடைசியில், அதாவது ஆகத் தாழ்வாக, வைத்திருக்கிறேன். கோல்ப் தரை மாதிரி ஒட்ட வெட்டவேண்டும் என்று முதலாளி விரும்புவார்.

குழியும் எடுத்தேன். முதலில் பாசியை ஒரு கை அகலத்துக்குப் பிடித்துத் தூக்கினேன். கம்பளிப் போர்வையை உரிக்கிற மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அப்பாவின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு தண்டும் ஒரு குட்டிப் பைன் மரம். இடையிடையே நூல் காம்பு, அதன் தலையில் கடுகில் பாதிக்கும் சின்னதாக ஒரு பழுப்புக் குடுவை. கீழே மண் கறுப்பாக வழுவழுத்து, சேற்று நாற்றம் அடித்தது. இரண்டு மூன்று புல்வேர்கள் இருந்தன, எல்லாம் ஒரு அங்குலத்தோடு மடங்கித் திரும்பியிருந்தன. மண் குத்தும் இரும்பு முள்ளைக் குத்தினேன். நாலு அங்குலத்தில் கல்லில் பட்ட மாதிரி நின்றது. கல் இல்லை, இறுகிய மண்.

குழியில் தண்ணீர் மணிக்கு அரை விரல்கூட இறங்கவில்லை. மறுநாள் காலையில் முந்தின நாளைவிடத் தண்ணீர் கூடியிருந்தது. மழை பெய்யவில்லை.

பழைய கண்டக்டர் | 2024 பெப்ரவரி 3

மழை இல்லாம குழியில தண்ணி கூடிச்சுன்னா, மலையிலேருந்து ஊத்து உள்ளால வருதுன்னு அர்த்தம். தம்பி, அந்தப் பூப்பாத்திக்கு அடியில தோண்டுங்க. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து பங்களா எதுவும் மலையடிவாரத்துல கான் இல்லாமக் கட்டினதில்ல. மேல்திட்டுக்கும் தரைக்கும் நடுவுல கண்டிப்பா ஒரு கான் இருந்திருக்கும். உங்க அப்பா அதை வருஷாவருஷம் வழிச்சிருப்பார்.

நானுஓயாக்காரன் | 2024 பெப்ரவரி 3

ஐயா, இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அப்பா ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் மண்வெட்டியோடு அந்தத் திட்டோரம் குனிந்து நிற்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. செடிக்கு மண் அணைக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நானுஓயாக்காரன் | 2024 பெப்ரவரி 9

கிடைத்தது.

மூன்று நாள் எடுத்தது. ஹைட்ரேஞ்சியாவை வேரோடு கிளப்பி ஒதுக்கி வைத்துவிட்டு, நானும் என் மச்சானும் மேற்கு மூலையிலிருந்து தோண்டினோம். ஒன்றரை அடியில் மண்வெட்டி ணங் என்றது. கருங்கல். பக்கத்தில் இன்னொன்று. கையால் மண்ணை வழித்தால், இரண்டு பக்கமும் கல் அடுக்கி, அடியில் பலகைக்கல் பாவிய கான், ஒரு அடி அகலம், திட்டு நீளத்துக்கும் போகிறது. உள்ளே நான் கொட்டின செம்மண் இறுகி, வேர்கள் பின்னிக் கிடந்தன. பாதித் தூரம் வழித்தபோதே மேல்பக்கக் கல் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து, கானில் நூல் மாதிரி ஓட ஆரம்பித்தது. பெப்ரவரி மாதம், பத்து நாளாக மழை இல்லை, அப்படியும் ஓடுகிறது. நாலு வருஷமாக இந்தத் தண்ணீர் முழுக்கப் புல்தரைக்கு அடியில் போயிருக்கிறது.

மூடினவன் நான். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கீழ்ப்பக்க வாய் எங்கே என்று தெரியவில்லை. கிழக்கு மூலையில் கான் இடிந்து நிற்கிறது. அங்கேயே ஒரு பெரிய குழி வெட்டி, கல்லைப் போட்டு, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கிவிடலாமா?

மண்ணும் மழையும் | 2024 பெப்ரவரி 9

வேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். சரிவில் தண்ணீரை ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறக்கக் கூடாது. உங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது? லயமா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), வீடா, ரோட்டா? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண் சரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. சரிவு மண் தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, உள்ளே பிடிப்பு விட்டால்தான் நகரும். அதனால் தண்ணீரை மேற்பரப்பிலேயே, கல் பாவிய வழியில், ஏற்கெனவே இருக்கும் ஓடைக்கோ தோட்டத்துப் பெரிய கானுக்கோ கொண்டுபோய்ச் சேருங்கள். திட்டில் வெடிப்போ, சாய்ந்த மரமோ, கலங்கிய ஊற்றோ கண்டால் வேலையை நிறுத்திவிட்டு, மண்சரிவைக் கவனிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

பழைய கண்டக்டர் | 2024 பெப்ரவரி 10

அவர் சொல்றதுதான் சரி. தோட்டத்துல கான் வெட்டுறப்போ 120 அடிக்கு ஒரு அடி இறக்கம்னு கணக்கு. அதைவிடச் சரிவா வெட்டினா தண்ணி ஓடுற வேகத்துல மண்ணை அரிச்சுக்கிட்டுப் போயிரும். மட்டமா வெட்டினா தேங்கும். பக்கத்துத் தோட்டத்துல இறக்கம் பார்க்கிற ரோட் ட்ரேசர் இருக்கும், கேட்டா ஒரு நாளைக்குக் கொடுப்பாங்க. இல்லாட்டி கொத்தனாருடைய தண்ணி டியூப்பே போதும். கானுக்கு நடுநடுவுல சின்னச் சின்ன மண்குழி விடுங்க, அடிச்சுட்டு வர்ற மண்ணு அதுல படியும். அதை மாசம் ஒரு தடவை வழிச்சு எடுத்துருங்க.

தோட்டத்துக் கான்ல சேக்கிறதுக்கு முன்னால அங்க பெரிய துரையை, அதான் மனேஜரை, பாத்து ஒரு வார்த்தை கேட்டுக்கிங்க. உங்க தண்ணி அவங்க மலைக்குப் போகுதில்ல.

நானுஓயாக்காரன் | 2024 பெப்ரவரி 21

தோட்டத்தில் கேட்டேன், மறுக்கவில்லை. ஆளையும் அனுப்பி உதவினார்கள். பழைய கானை அறுபது அடி நீட்டி, கல் பதித்து, ரோட்டோரப் பெரிய கானில் சேர்த்தாயிற்று. குழியில் இப்போது தண்ணீர் இல்லை.

இனி இரும்பு சல்பேட்டைப் பற்றிச் சொல்லுங்கள். நுவரெலியாவில் ஒரு கடையில் கேட்டேன், வெள்ளைத் தூள் ஒன்றைக் காட்டினார்கள்.

மண்ணும் மழையும் | 2024 பெப்ரவரி 21

வெள்ளையென்றால் அது அனேகமாகத் தேயிலைக்கு அடிக்கும் துத்தநாக சல்பேட். வாங்க வேண்டாம். நம் பழைய ஆட்கள் அன்னபேதி என்று சொல்வதுதான் உங்களுக்கு வேண்டியது. வெளிர்பச்சைக் கற்கண்டு மாதிரி இருக்கும். பழுப்பேறிக் கட்டிபிடித்திருந்தால் பழைய சரக்கு, வலு போயிருக்கும். நாட்டு மருந்துக் கடையில் தோலா கணக்கில் வாங்காதீர்கள், விவசாய மருந்துக் கடையில் கிலோவாகக் கேளுங்கள்.

அளவு: சதுர மீட்டருக்கு 10 கிராம், ஒரு லீட்டர் தண்ணீரில் கரைத்து. ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீட்டர், ஆகவே பேர்ச்சுக்குக் கால் கிலோ. பாசி உள்ள இடம் மட்டும் 28 பேர்ச் என்றால் ஏழு கிலோ போதும். முதலில் யாரும் பார்க்காத ஒரு மூலையில் ஒரு பாய் அகலத்துக்குத் தெளித்து, மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். புல் ரொம்பக் கருகினால் அளவைக் குறையுங்கள்.

நாள் பார்க்கும் முறை: துகள் பனி (உறைபனி) விழும் வாரங்கள் முடிந்திருக்க வேண்டும். தரை ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் அன்றும் மறுநாளும் மழை இருக்கக் கூடாது. மூட்டமான காலை நல்லது. கொதிக்கும் வெயிலில் தெளித்தால் புல்லும் கருகும்.

படிக்கட்டு, சிமெந்து, கல் பதித்த நடைபாதை, வெள்ளைச் சுவர் எதிலும் சொட்டுப் படாமல் பாருங்கள். துருக்கறை பிடித்தால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. கையுறையும் பூட்ஸும் போடுங்கள். அந்தக் காலோடு பங்களாவுக்குள் போகாதீர்கள். மருந்தடிக்கும் டாங்கியை உடனே மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழுவின தண்ணீரையும் மிச்சத்தையும் கானில் ஊற்றாதீர்கள், அது ஓடைக்குப் போகும். தரையிலேயே தெளித்துவிடுங்கள்.

சுண்ணாம்பையோ, அதைப் போலவே மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட்டையோ இதோடு சேர்த்துப் போடாதீர்கள். ஒன்றை ஒன்று முறிக்கும். ஆறு வாரமாவது இடைவெளி விட வேண்டும். மண்ணைச் சோதிக்காமல் டொலமைட்டே வேண்டாம்.

ஓர்க்கிட் வீடு | 2024 பெப்ரவரி 22

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஹாவாஎலியாவில் ஓர்க்கிட் வளர்க்கிறேன். நீங்கள் நாற்பது சாக்குப் பாசியைக் கொட்டுகிறீர்கள் என்று படித்ததும் மனசு பதறிவிட்டது. எனக்குப் பாசி வேண்டும், மார்கழியில் நத்தாருக்குக் கோயிலில் வைக்கும் பாலன் குடிலுக்கும் வேண்டும். மருந்து படாத பாசி மட்டுந்தான். எல்லா இடத்திலும் கொல்லவேண்டுமா? ஜப்பானில் கியோட்டோவில் சைஹோஜி என்று ஒரு புத்த கோயில். தோட்டம் முழுக்கப் பாசிதான், 120 வகை என்று சொல்வார்கள். அதைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள். மரத்தடியில் புல் வளராது. வளராத இடத்தில் பாசி இருந்துவிட்டுப் போகட்டுமே.

பழைய கண்டக்டர் | 2024 பெப்ரவரி 22

அம்மா சொல்றதுல விஷயம் இருக்கு. ஆட்கள் நடக்கிற இடத்துல பாசி ஆகாது, வழுக்கும். நடக்காத மரத்தடியை விட்டுறலாம். தம்பி, சைப்ரஸ் வரிசையை அடியோட வெட்டாதீங்க, காத்துக்கு அதுதான் மறைப்பு. வெட்டித்தான் ஆகணும்னா பிரதேச செயலகத்துல கேட்டுட்டு வெட்டணும். நீங்க செய்யவேண்டியது கீழ்க் கிளையை எட்டடி உயரத்துக்குக் கழிக்கிறது. நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல வெயிலை நம்ப முடியாது. காலையில ஏழிலேருந்து பதினொண்ணு வரைக்கும் கிடைக்கிறதுதான் புல்லுக்குச் சாப்பாடு.

நானுஓயாக்காரன் | 2024 மார்ச் 17

பாய் அகலச் சோதனை சரிவந்தது. மார்ச் 1 காலையில் மீதிக்குத் தெளித்தோம். மறுநாளே பாசி கறுக்கத் தொடங்கி, மூன்றாம் நாள் புல்தரை தீ வைத்த மாதிரி ஆகிவிட்டது. முதலாளி படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார், அவருக்குச் சமாதானம் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது.

நேற்று வாரி முடித்தோம். இந்த முறை பாசி பிய்ந்து ஒட்டவில்லை, காய்ந்த தேயிலைத் தூள் மாதிரி உதிர்ந்து வந்தது. மூன்று பேர் நாலு நாள் செய்த வேலையை இரண்டு பேர் ஒன்றரை நாளில் முடித்தோம். இப்போது 28 பேர்ச் வெறும் மண், அங்கங்கே புல். மண்ணையும் சோதித்து வாங்கினேன், பீஎச் 5.1. அடுத்து என்ன?

மண்ணும் மழையும் | 2024 மார்ச் 17

இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வெறும் மண்ணை அப்படியே விட்டால் மேயில் பாசி, அதில் சந்தேகமே இல்லை. ஏப்ரல் இடிமழைக்குள் புல் பிடிக்க வேண்டும்.

முதலில் முள்ளால் குத்துங்கள். தேயிலைக்கு முள்ளுக் குத்துவது போலத்தான். ஆறு அங்குலம் இறக்கி, கைப்பிடியை லேசாகப் பின்னால் சாய்த்து, எடுத்துவிடுங்கள். மண்ணைப் புரட்டவேண்டாம். அரை அடிக்கு ஒரு குத்து. பிறகு மணலும் நன்றாக மக்கிய கொம்போஸ்ட்டும் கலந்து தூவி, விளக்குமாற்றால் தள்ளி ஓட்டைகளில் இறக்குங்கள். மாட்டெரு என்றால் பழசாக இருக்க வேண்டும்.

5.1 கொஞ்சம் புளிப்பு. மருந்து தெளித்த நாளிலிருந்து ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் நடுவில், சதுர மீட்டருக்கு 100 கிராம் டொலமைட் போடலாம். தேயிலை மண் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது, புல்லுக்கு 5.5க்கு மேல் வேண்டும். உங்கள் இடம் பழைய தேயிலை மண்தான் என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது.

இன்னொன்று கேட்க நினைத்தேன். புல்லுக்கு உரம் போட்டு எத்தனை வருஷம்?

நானுஓயாக்காரன் | 2024 மார்ச் 17

2021இல் ரசாயன உரத்தைத் தடைசெய்தபோது நிறுத்தினது. தடையை அந்த வருஷக் கடைசியிலேயே எடுத்தார்கள், ஆனால் யூரியா விற்ற விலைக்குப் புல்லுக்குப் போட மனம் வரவில்லை. கிடைத்ததை வீட்டு மரக்கறிக்குப் போட்டேன். மூன்று வருஷமாக ஒன்றும் போடவில்லை.

மண்ணும் மழையும் | 2024 மார்ச் 17

மேலே தண்ணீர், கிழக்கே நிழல், ஒட்ட வெட்டு, மூன்று வருஷப் பட்டினி. புல் எப்படி நிற்கும்? புது வேர் பிடித்த பிறகு, ஈர மண்ணில், சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா தூவித் தண்ணீர் விடுங்கள். டொலமைட் போடும் வாரத்தில் வேண்டாம்.

லண்டன்வாசி | 2024 மார்ச் 18

மெஷினை மூன்று பள்ளம் உயர்த்திவிடுங்கள். இரண்டு அங்குலம் இருக்கட்டும். கோல்ப் தரையில் தினமும் ஆள் நின்று வேலை செய்கிறார்கள், அதற்கு வேறு புல், வேறு மண். வீட்டுத் தரையை அப்படி வெட்டினால் இலை இல்லாமல் வேர் சுருங்கும்.

பண்டாரவளை அக்கா | 2024 மார்ச் 18

எந்தப் புல் நடப்போகிறீர்கள்? எனக்கு மலேசியன் புல் நன்றாக வந்தது, நிழலிலும் பிடிக்கிறது.

பழைய கண்டக்டர் | 2024 மார்ச் 18

பண்டாரவளைக் குளிர் வேற, நானுஓயாக் குளிர் வேறம்மா. மலேசியன் புல்லு அகல இலை, நிழல் தாங்கும், புளிப்பு மண்ணும் தாங்கும். ஆனா பனிக்குச் சிவந்து போகும். வெயில் விழுற இடத்துக்குக் கிக்கியூ புல்லு. மாட்டுப் பண்ணைகள்ல நிக்கிற அதே புல்லுதான். பனியில மஞ்சளாகும், சாகாது, மாசி தாண்டினா திரும்பத் தளிர் விடும். கொடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி அரை அடிக்கு ஒண்ணா நடுங்க. பூப்பாத்திக்குள்ள ஓடாம வரப்பு வெட்டி வச்சிருங்க, விட்டா அது ரோசாவையும் மூடிரும். நிழல் ஓரத்துல மலேசியனைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. மரத்துக்கு நேர் அடியில ஒண்ணும் வேணாம், அது அந்த ஓர்க்கிட் அம்மாவுக்கு.

நானுஓயாக்காரன் | 2024 ஜூலை 14

மழை கொட்டுகிறது, ஏழு நாளாக வெயிலைப் பார்க்கவில்லை. இந்த மாதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

இன்று காலை குடையோடு தரை முழுக்க நடந்தேன். கான் முழங்காலுக்குப் பாதி ஓடுகிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது. போன ஜூலையில் கால் வைத்தால் புளக் என்று சத்தம் வந்த இடத்தில் இன்று பூட்ஸ் பதியவில்லை. கிக்கியூ நட்ட பகுதி முழுக்க மூடிவிட்டது. சைப்ரஸ் கழித்த பிறகு எட்டரைக்கே வெயில் வருகிறது, வெயில் வரும் நாளில். மலேசியன் போட்ட ஓரத்தில் முக்கால்வாசி பிடித்திருக்கிறது, இடைவெளியில் உள்ளங்கை அகலத்துக்கு ஏழெட்டு இடத்தில் பாசி வந்திருக்கிறது. அதைத் தொடவில்லை. மழை விட்டதும் அந்த இடத்துக்கு மட்டும் தெளித்து, கொடி வெட்டி நடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பழைய கண்டக்டர் | 2024 ஜூலை 14

சரிதான் தம்பி. அந்த ஏழெட்டு வருஷாவருஷம் வரும். நம்ம மலையில பாசி இல்லாத வீடு ஏது? ஏப்ரல் கடைசியில கானை வழிக்க மட்டும் மறந்துராதீங்க.

நானுஓயாக்காரன் | 2024 நவம்பர் 30

முதலாளி போன வாரம் வந்திருந்தார். சிமெந்துக் கல் பேச்சு நின்றுவிட்டது. கானைக் காட்டச் சொல்லி, குனிந்து கையை விட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

ஹைட்ரேஞ்சியாவைக் கானுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டேன், எல்லாம் பிழைத்துவிட்டன.

ஓர்க்கிட் வீட்டு அக்காவுக்கு: சைப்ரஸ் அடியில் இருக்கும் பாசிக்கு மருந்தே படவில்லை. நாலு விரல் கனத்துக்கு நிற்கிறது. எப்போது வருகிறீர்கள்?

ஓர்க்கிட் வீடு | 2024 டிசம்பர் 1

வருகிற சனிக்கிழமை காலை வருகிறேன். சாக்கு நானே கொண்டுவருவேன். முழுசையும் உரிக்க மாட்டேன், இடைவிட்டு இடைவிட்டு எடுத்தால் ஒரு வருஷத்தில் திரும்ப மூடும். குடிலுக்கு இரண்டு சாக்குப் போதும்.